கேக் அக்கா வீட்டு அவன்

தெருவில் அவளுக்குப் பெயர் கேக் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாவம், மாடியில் தனியாக இருக்கிறாளே என்று யாராவது உச்சுக்கொட்டினால் கீழ்வீட்டில் அழகு நிலையம் நடத்தும் பார்லர்காரிக்குப் பொறுக்காது.

"தனியா இருக்காங்கன்னு யார் சொன்னா? கூட அவன் இருக்கானே" என்பாள். கேட்டவர் புருவம் மேலே ஏறும்வரை பொறுத்திருந்து, "கேக் சுடுற அவன்" என்று முடிப்பாள்.

ஓவன் என்று சொன்னால் வாய் கோணிக்கொள்ளுமா? இல்லை. ஆனால் அந்தத் தெரு முழுக்க அதை அவன் என்றே சொல்லிப் பழகிவிட்டது. அதனால் அந்த ஒரே நகைச்சுவை வருடக்கணக்கில் ஓடியது. "அவன் இன்னிக்கு சூடா இருக்கானா?" "அவன் உங்க பேச்சைக் கேக்குறானா?" என்று படியேறும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். கேக் அக்காவும் சிரிப்பாள். முதலில் உண்மையாகவே சிரித்தாள். பிறகு பழக்கத்துக்குச் சிரித்தாள். ஒண்டிக்கட்டையாக வாழ்கிறவர்கள் சிரிப்பதில் கணக்குப் பார்க்க முடியாது, கிடைத்ததற்குச் சிரித்துவைக்க வேண்டும்.

அவனுக்கும் குணங்கள் இருந்தன. இடது பக்கப் பின்மூலையில் சூடு அதிகம். பாதி வேக்காட்டில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் ஒரு பக்கம் கருகிவிடும். கதவின் கீல் தளர்ந்து போனதால், கீழே ஒரு மரக்கரண்டியை முட்டுக்கொடுத்தால்தான் மூடி நிற்கும். வேறு யாராவது அதில் கேக் சுட முயன்றால் அழுதிருப்பார்கள். அவளுக்கு எல்லாம் அத்துப்படி.

பகலில் அவளுக்குச் சலவைக் கடையில் வேலை. வருகிற துணியை மேசையில் பிரித்துப் போட்டு, கறை உள்ள இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, எண் எழுதிய சீட்டை ஊசியால் குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சனிக்கிழமை ஆர்டருக்கு அவள் கையால் சுட்டுப் போன சாக்லேட் கேக், வாரம் பிறந்ததும் யாரோ ஒருவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு அவளிடமே திரும்பி வரும். அந்தக் கறையைப் பார்த்தே விருந்து எப்படி நடந்தது என்று அவள் சொல்லிவிடுவாள். தோளில் இருந்தால் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தார்கள். மார்பில் சொட்டியிருந்தால் பேச்சு சுவாரசியத்தில் கவனிக்காமல் தின்றார்கள். முதுகில் ஐந்து விரலும் தெரிந்தால் யாரோ ஓடிவந்து கட்டிப்பிடித்திருக்கிறார்கள். "இது கேக் கறை, முட்டை சேர்ந்திருக்கு, சுடுதண்ணி விட்டுடாதீங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு அடுத்த துணியை எடுப்பாள்.

அந்த விருந்துகளுக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை. கேக் சுட்டவளைக் கூப்பிட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? கேக்கைக் கூப்பிட்டார்கள், அது போனது. வாசலில் பெட்டியைக் கொடுத்து, "சாய்க்காம நேராப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே வீடு முழுக்க வெண்ணெய் வாசனை இருக்கும். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மாவு அடிக்க ஒரு மெஷின் வைத்திருந்தாள். மேசைமேல் நின்றபடி கிண்ணத்தில் துடுப்பைச் சுழற்றும் கனத்த சாமான்; தம்பி வாங்கிக்கொடுத்தது. வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து நுரைத்து வரும்வரை அது உறுமும். அந்தச் சத்தம் இருக்கும்வரை வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதுபோல இருக்கும். நிறுத்தினால் குழாய் சொட்டுவது கேட்கும். அதற்காகவே சில நாள் தேவைக்கு மேல் ஓடவிட்டு, கலவை நீர்த்துப்போய்த் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

தனி ஆளுக்குக் கேக் சுட முடியாது என்பதுதான் அவள் கண்டுபிடித்த பெரிய உண்மை. ஒரே ஒரு முட்டையில் செய்து பார்த்தாள். அவன் அதைக் காயவைத்து ரஸ்க்காக்கிவிட்டான். இரண்டு முட்டையில் செய்தால் நாலு நாளைக்கு அதையே தின்ன வேண்டும். முதல் நாள் விருந்தாளியாக இருக்கும் கேக், நாலாம் நாள் வாடகை தராத குடித்தனக்காரனாகிவிடும். அதனால் தனக்கென்று சுடுவதையே விட்டுவிட்டாள். மற்றவர்களுடைய கேக்கில் விளிம்பை வெட்டிச் சமன் செய்யும்போது விழுகிற துண்டுகள்தான் அவளுடைய பங்கு.

கேக் வேகும்போது கதவைத் திறக்கக் கூடாது, திறந்தால் நடுவில் குழிந்துவிடும். அப்போது அவள் அந்தக் கதவுக் கண்ணாடிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, அன்றைக்குத் தான் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்ப்பாள். துணியையும் கேக்கையும் கழித்தால் அதில் ஒன்றும் மிஞ்சாது. ஐம்பது தாண்டிய ஒரு பொம்பளைக்கு இது பெரிய குறையா என்று தன்னையே அதட்டிக்கொள்வாள். ஆனால் அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சாப்பிடும்போது எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும். உப்பு குறைச்சல் என்று குறை சொன்னால்கூடப் போதும்.

அந்த ஆசைக்கு உலகத்தில் ஒரே ஒரு முகவரிதான் இருந்தது, தம்பி. தம்பிக்காகத்தான் அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், உண்மை அதுவல்ல. வந்த மாப்பிள்ளைகளை அவளுக்குப் பிடிக்கவில்லை; பிடித்த ஒருவர் கேட்டு வரவில்லை. அவ்வளவுதான் கதை. தம்பி மூன்று மணி நேரத் தொலைவில் மருந்துக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தான். வாடகை அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டான். அவன் மனைவி, உடம்பு சரியில்லாத தாயைப் பார்த்துக்கொண்டு பிறந்த வீட்டில் இருந்தாள். குழந்தை இல்லை. ஆக மூன்று பேர், மூன்று ஊர், மூன்று அடுப்பு.

ஒருநாள் சலவைக் கடையில் உச்சிவேளையில் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் அதிர்ந்தது. தம்பியிடமிருந்து குரல் செய்தி. காதில் வைத்துக் கேட்டாள்.

"கேட்டியா, வீடு கிடைச்சிருச்சு. சாவி வாங்கிட்டேன். இனிமே நாம இப்படி ஆளுக்கொரு ஊர்ல உக்காந்து தனித்தனியா சமைச்சுத் தின்ன வேண்டாம். நாம ஒரே வீட்டுல இருக்கலாம். உள் ரூம்ல பெரிய ஜன்னல், நல்லா வெளிச்சம் வருது. உன் மெஷினை அங்க போட்டுக்கலாம். பழைய சாமானையெல்லாம் தூக்கிட்டு வராத, யாருக்காவது குடுத்துடு. இங்க புதுசா வாங்கிக்கலாம்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டப்பாவை மூடிவிட்டு மறுபடி கேட்டாள். வாய்விட்டுக் கேட்காத ஆசைக்கு இப்படியும் பதில் வருமா? அதிலும் அந்த மெஷின். பழம் நழுவிப் பாலில் விழுந்தாற்போல, அவளுக்கு ஒரு ஜன்னல்கூடப் பார்த்து வைத்துவிட்டான்.

அவள் பிடித்துக்கொண்டது ஒரு சொல்லை. நாம. நம் மொழியில் இது ஒரு வசதி. வேறொரு நேரத்தில் இதுவே கொடுமை. ‘நாங்க’ என்றால் கேட்கிறவர் வெளியே நிற்கிறார். ‘நாம’ என்றால் கேட்கிறவரும் உள்ளே வந்தாயிற்று. தம்பி நாங்க என்று சொல்லவில்லை. நாம என்று சொன்னான், அதுவும் இரண்டு தடவை. அக்கா என்ற சொல் அந்தச் செய்தியில் எங்குமே இல்லை. அதையெல்லாம் கவனிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

என்ன பதில் போடுவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் "சரிப்பா" என்று மட்டும் எழுதினாள். அதற்கு மேல் எழுதினால் கண் கலங்கிவிடும், எதிரே துணியோடு ஆள் நிற்கிறார்.

இரண்டு வாரம் தம்பியிடமிருந்து வேறு பேச்சில்லை. வீடு மாறுகிற அலைச்சல் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஒரு மாலை கூப்பிட்டான். "ஞாயித்துக்கிழமை வந்துடுக்கா. இனிமே என்ன, வீடு ரெடி" என்றான். பின்னால் லாரிச் சத்தம். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. வந்துடு என்று சொன்னவனிடம் எதற்கு என்று கேட்பார்களா?

பழையதை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னானே. அவனை யாருக்குக் கொடுப்பது? யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. சனிக்கிழமை கடைசியாக ஒரு ஆரஞ்சு கேக் சுட்டு எடுத்துவிட்டு, சூடு ஆறியதும் பார்லர்காரியைக் கூப்பிட்டாள். இரண்டு ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.

"என்னக்கா, இத்தனை வருஷம் கூட இருந்தவனை இப்படி என் தலையில கட்டிட்டுப் போறீங்க. சண்டையா?" என்றாள் பார்லர்காரி.

"இல்லடி. எனக்கு ஆள் கிடைச்சாச்சு" என்றாள் கேக் அக்கா. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த விளையாட்டில் அவள் ஒரு அடி அடித்தாள். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு அவனுடைய குணங்களைச் சொல்லிக்கொடுத்தாள்: பின்மூலை, தட்டைத் திருப்புவது, மரக்கரண்டி. சொல்லி முடித்தபோது பார்லர்காரி மூக்கை உறிஞ்சினாள். "போய் அங்க நல்லா இருங்கக்கா. இங்க தனியா இருந்தது போதும்" என்றாள். இத்தனை நாள் கேலி செய்தவளுக்கு இதுவும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

மாடியில் அவன் இருந்த இடத்தில் சுவர் வேறு நிறத்தில் இருந்தது. கடையில் அவள் ஒரு வாரம் விடுப்பு மட்டும் கேட்டிருந்தாள். நின்றுவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை, போன பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பெரிய பையில் துணியை அடுக்கி, நடுவில் மெஷினைத் துண்டில் சுற்றி வைத்தாள். கேக் பெட்டி தனியாக மடியில். ஞாயிறு காலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம், "தம்பி வீட்டுக்குப் போறேன், இனிமே அங்கதான்" என்று அவர் கேட்காமலே சொன்னாள். ஆசை யாரை விட்டது?

கதவைத் திறந்தது தம்பி மனைவி. இடுப்பில் அளவு நாடா தொங்கியது, முகம் முழுக்கச் சந்தோஷம்.

"வாங்க அண்ணி, வாங்க. நாங்க போன வாரமே வந்துட்டோம், வீடு இன்னும் கந்தரகோலமா கிடக்கு, தப்பா நினைச்சுக்காதீங்க."

நாங்க. காதில் ஊசியால் குத்தியதுபோல இருந்தது. சரி, போன வாரம் வந்தவர்கள் அவர்கள் இருவர்தானே, அப்படித்தானே சொல்ல முடியும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"வாங்க, வீட்டைக் காட்டுறேன். இது ஹால். இது எங்க ரூம். இது என் தையல் ரூம். அம்மாவுக்கு உடம்பு தேறிட்டதால கிளம்பி வந்துட்டேன், அங்க இருட்டுல உக்காந்து தைச்சுத் தைச்சு எனக்குக் கண்ணே போச்சு அண்ணி. இந்த ஜன்னல் என் மெஷினுக்குன்னே உங்க தம்பி பாத்துப் பாத்து எடுத்தாரு."

பெரிய ஜன்னல்தான். நல்ல வெளிச்சம்தான். அதன் கீழே தையல் மெஷின் நின்றது, ஊசிக்கடியில் யாருடைய குழந்தைக்கோ பாதி தைத்த சட்டை. மூன்றாவது அறை என்று ஒன்று அந்த வீட்டில் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், கேட்டியா, இந்தா, இங்க பாரு என்றே ஆயுளை ஓட்டிவிடுகிற ஆண்கள் உண்டு. தம்பி அந்த வகை. ஒரு பெயரைச் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? மனைவிக்குச் சொன்னதை விரல் தவறி அக்காவுக்கு அனுப்பிவிட்டான். எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போய் அவள் நின்றாள். நடையில் வைத்த பெரிய பையைக் காலால் தள்ளிக் கதவுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

தம்பி கடையிலிருந்து பால் வாங்கிக்கொண்டு வந்தான். "அக்கா" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அவனும் சரி, அவன் மனைவியும் சரி, மோசமானவர்கள் இல்லை. கோபப்படக்கூட அங்கே ஆள் இல்லாமல் போனதுதான் அவள் தலைவிதி. டீ போட்டார்கள், கேக்கை வெட்டினார்கள். தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். "எப்படி அண்ணி இவ்ளோ பஞ்சா வருது?" என்றாள். ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரையோடு தேய்த்து வாசனை ஏற்றுவதைப் பற்றிக் கேக் அக்கா விளக்கிச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை, தொழிலைப் பற்றிப் பேசும்போது குரல் தானாக ஓடும்.

"அவன் எப்படி இருக்கான்?" என்று தம்பி கண்ணடித்தான். பார்லர்காரியின் நகைச்சுவை இந்த ஊர்வரைக்கும் வந்திருந்தது.

"நல்லா இருக்கான்" என்றாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். எதிரே தட்டில் கேக் இருந்ததால் பொருந்தியது.

எதிரே ஆள் இருக்க, மதியச் சாப்பாடு சாப்பிட்டாள். தம்பி குழம்பில் உப்பு குறைச்சல் என்றான். அவன் மனைவி போட்டுக்கொள்ளுங்கள் என்று உப்புக் கிண்ணத்தை நகர்த்தினாள். கேக் அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. அன்பாகத்தான் சொன்னாள். நம் உபசாரம் எல்லாமே ‘போ’வில்தான் முடிகிறது. உக்காந்துட்டுப் போங்க, சாப்பிட்டுட்டுப் போங்க, இருந்துட்டுப் போங்க. வீட்டு ஆளைப் பார்த்து இருந்துவிட்டுப் போ என்று யாரும் சொல்வதில்லை.

"இல்லம்மா. நாளைக்கு நான் போகலைன்னா கடையில துணி மலையாக் குவிஞ்சிடும்" என்றாள்.

பஸ் நிறுத்தம்வரை தம்பி கூடவே வந்தான். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் எடுப்பதற்குள் பையை அவன் தூக்கிவிட்டான். பாதி வழியில் கை மாற்றினான்.

"என்னக்கா இவ்ளோ கனம்? கல்லு கில்லு வெச்சிருக்கியா?"

சலவைக் கடைத் துணி என்று ஒரு பொய் அவளிடம் தயாராக இருந்தது. ஆனால் காலையிலிருந்து பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது. அதோடு, சொல்லிப் பார்த்தால்தான் என்ன என்று அடிமனதில் ஒரு குரல்.

"மெஷின்" என்றாள்.

"மாவு மெஷினா? ரிப்பேரா? முன்னாடியே சொல்லியிருந்தா இங்க குடுத்துப் பாத்திருக்கலாமே."

"ரிப்பேரெல்லாம் இல்ல. ஜன்னல் பக்கம் போட்டுக்கலாம்னு நீதான சொன்னே."

"நானா? எப்ப?"

அவள் போனை எடுத்து அந்தச் செய்தியைத் தட்டினாள். நிறுத்தத்தில் வேறு யாருமில்லை. தம்பி தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நின்றான். நாம ஒரே வீட்டுல இருக்கலாம் என்ற இடம் வந்தபோது நடைபாதையைப் பார்த்தான்.

"இது உனக்கா வந்துச்சு?" என்றான். "அவ பதிலே போடலையேன்னு அன்னிக்கு சாயங்காலம் போன்லயே சொல்லிட்டேன். நீ சரிப்பான்னு போட்டிருந்தே. கண் டாக்டர்கிட்ட மறக்காம போன்னு காலையில உனக்கு அனுப்பியிருந்தேன்ல, அதுக்குன்னு நினைச்சு உள்ள திறந்தே பாக்கல."

"நல்லா நினைச்சே போ" என்று அவள் சிரித்தாள். "நான் ஒரு பைத்தியம். அவனைக்கூடத் தூக்கி பார்லர்காரிக்குக் குடுத்துட்டு வந்துட்டேன். இனிமே அவ என்னை ஒரு வழி பண்ணிடுவா."

அவனும் சேர்ந்து சிரிக்கட்டும் என்றுதான் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்தான். அந்தக் கனம் எதனால் என்று இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. துணி எத்தனை நாளைக்கு என்பதும் தெரிந்திருக்கும்.

அவள் காத்திருந்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். அதுக்கென்னக்கா, நீயும் வந்துடு. மனதில்லாமல் சொன்னாலும் பரவாயில்லை. அவன் அதைச் சொல்லியிருந்தால் அவள் மறுத்திருப்பாள், சத்தியமாக மறுத்திருப்பாள். "அதெல்லாம் வேண்டாம்பா, நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்ற பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. மறுப்பதற்காகத்தான் அவளுக்கு அந்த அழைப்பு வேண்டியிருந்தது. மறுத்துவிட்டு வந்தவள் என்ற நினைப்போடு அவளால் எத்தனையோ வருடம் தனியாகச் சாப்பிட முடியும்.

"அக்கா" என்றான் தம்பி. சாலையின் வளைவைப் பார்த்தான்.

"பஸ் வந்துருச்சுக்கா."

வந்தது அவள் ஊர் பஸ் இல்லை. பாதி வழிவரைதான் போகும், அங்கே இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது, அவன் கண்ணுக்கும் தெரியாமல் இருக்காது. அவள் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.